'டூத்'தில் காணாமல் போன 'ன்': ஒரு சொல்லின் வேரைத் தேடுவது எப்படி?

ஆங்கிலத்தில் பல்லுக்கு டூத். ஜெர்மனில் ட்ஸான். ஒட்டுமில்லை, உறவுமில்லை என்றுதான் காதுக்குத் தோன்றும். ஆனால் இரண்டும் கூடப்பிறந்தவை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த ஒரு சொல்லை வைத்தே பார்ப்போம். ஒரு நோட்டும் நல்ல சொற்பிறப்பு அகராதியும் போதும்.

படி 1: சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

உடல் உறுப்பு, எண், உறவுமுறை, நீர், நெருப்பு போன்றவை நல்லவை; இவற்றைப் பிறமொழியிலிருந்து கடன் வாங்குவது குறைவு. காபி, தேநீர் எல்லாம் வேண்டாம், அவை கப்பலேறிப் போன சொற்கள்.

படி 2: வரிசையாக எழுதுங்கள்

ஆங்கிலம் டூத், ஜெர்மன் ட்ஸான். டச்சு, ஸ்வீடிஷ், டேனிஷ் மூன்றும் எழுத்தில் ஒன்றே: டண்ட். ஐந்தும் ஜெர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

நோட்டில் ரோமன் எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். 'பட்டு', 'வண்டி' இரண்டுக்கும் நமக்கு ஒரே ட. தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள்: வண்டியின் ட அதிரும், பட்டின் ட அதிராது. இந்தத் தேடலுக்கு அந்த வித்தியாசம்தான் உயிர்.

படி 3: முதல் ஒலியைச் சோதியுங்கள்

ஆங்கில ட, ஜெர்மனில் ட்ஸ். ஒரு சோடி எதையும் நிரூபிக்காது, இன்னும் தேடுங்கள். பத்து: டென், ட்ஸேன். இரண்டு: டூ, ட்ஸ்வை. நாக்கு: டங், ட்ஸுங்க. திரும்பத் திரும்ப அதே மாற்றம் வந்தால் தற்செயல் இல்லை. மாறியது ஜெர்மன்தான், மற்றவை பழைய ட-வை அப்படியே வைத்திருக்கின்றன.

படி 4: காணாமல் போன 'ன்'

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. எல்லாவற்றிலும் 'ன்' அல்லது 'ண்' இருக்கிறது, ஆங்கிலத்தில் மட்டும் இல்லை. சரி, வேறு சொற்களிலும் இப்படி உண்டா? ஐந்து: ஜெர்மனில் ஃப்யூன்ஃப், ஆங்கிலத்தில் ஃபைவ். வாய்: முண்ட், மௌத். நம்மை: உன்ஸ், அஸ். த், ஃப், ஸ் போன்ற உரசொலிக்கு முன்னால் நின்ற 'ன்' ஆங்கிலத்திலும், அதன் நெருங்கிய உறவான ஃப்ரீசியன் மொழியிலும் விழுந்துவிட்டது. விழும்போது முன்னிருந்த உயிரை நீட்டிவிட்டுப் போனது.

படி 5: பழைய சாட்சியைக் கூப்பிடுங்கள்

4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர் பைபிளை கோதிக் என்ற, இன்று வழக்கொழிந்த ஜெர்மானிய மொழியில் பெயர்த்தார். அதன் புகழ்பெற்ற பிரதி ஒன்று, ஊதா நிறத் தோலில் வெள்ளி எழுத்துகளுடன், ஸ்வீடனின் உப்சாலாவில் இருக்கிறது. மத்தேயு 5:38இல் 'பல்லுக்குப் பல்' வருகிற இடத்தைப் பாருங்கள். அங்கே நிற்கும் சொல்லின் அடிப்படை வடிவம் டுன்துஸ். 'ன்'னும் உண்டு, 'த்'தும் உண்டு.

படி 6: குடும்பத்துக்கு வெளியே போங்கள்

லத்தீனில் 'தென்ஸ்', வேற்றுமை ஏற்றால் 'தென்தெம்'. சமஸ்கிருதத்தில் 'தந்த'. யானைத் தந்தம் என்கிறோமே, அது அங்கிருந்து தமிழுக்கு வந்த கடன்தான். லத்தீன், சமஸ்கிருதம் இரண்டிலும் முதல் ஒலி அதிரும்; ஜெர்மானிய மொழிகளில் அதிராது. லத்தீன் 'தெகெம்' (பத்து), 'துவோ' (இரண்டு) இரண்டையும் டென், டூவோடு வைத்துப் பாருங்கள், அதே கதை. இந்த ஒழுங்கை டென்மார்க்கின் மொழியியலாளர் ராஸ்க் 1818இலும், ஜேக்கப் கிரிம் 1822இலும் விளக்கினார்கள். ஆமாம், தேவதைக் கதைகள் தொகுத்த அதே கிரிம்.

படி 7: உடுக்குறி போடுங்கள்

எல்லாவற்றையும் சேர்த்தால் ஜெர்மானிய மொழிகளின் தாயான மூல ஜெர்மானியத்துக்கு *டன்த், அதற்கும் முந்தைய, லத்தீனுக்கும் சமஸ்கிருதத்துக்கும் கூடப் பொதுவான இந்தோ-ஐரோப்பிய மூலத்துக்கு, முதல் ஒலி அதிரும் *தென்த் என்று கிடைக்கும். இவற்றை யாரும் எழுதி வைக்கவில்லை, நாம் மீட்டமைத்தவை. அதைச் சொல்லத்தான் முன்னால் அந்த நட்சத்திரம்.

வழுக்கும் இடங்கள்

ஆங்கிலத்தின் 'டென்டல்' டூத்தோடு பிறந்ததல்ல, லத்தீன் வழியாகப் பின்னால் வந்து சேர்ந்தது. முதல் ஒலி அதிர்கிறதே, அதுவே காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்றில் நானே விழுந்திருக்கிறேன். ஜெர்மன் 'ஹாபன்', லத்தீன் 'ஹாபெரே' இரண்டுக்கும் 'வைத்திருத்தல்' என்று பொருள், உருவமும் அச்சு அசல். உறவு கிடையாது! லத்தீன் க, ஜெர்மானியத்தில் ஹ ஆக வேண்டும். ஆகவே ஹாபனின் உண்மையான உறவு, 'பிடித்தல்' என்ற பொருளுடைய லத்தீன் 'காபெரே'. அச்சு அசலாக இருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது உங்கள் கையில். வாத்தினப் பறவை: ஆங்கிலத்தில் கூஸ், ஜெர்மனில் கன்ஸ், சமஸ்கிருதத்தில் ஹம்ஸ. 'ன்' எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். க-வும் ஹ-வும் எப்படிச் சேர்ந்தன என்பதை அகராதியைத் திறந்து பாருங்கள்.