கர்ப்ப கால மனச்சோர்வு: உங்களுக்கு வர வாய்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எந்நேரமும் அசதி என்று ஒரு கர்ப்பிணி சொன்னால், "மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். மனச்சோர்வு கண்ணில் படாமல் போவதே இதனால்தான், அதற்கும் இதே அறிகுறிகள்தானே. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கர்ப்பிணிகளில் சுமார் 10 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் வருகிறது, அதில் பெரும்பாலும் மனச்சோர்வுதான். அதனால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே ஒரு தாளை எடுத்து, மனச்சோர்வு வரக் காரணமாகக்கூடியவற்றில் உங்களுக்குப் பொருந்துவதை எழுதுங்கள்.

முதலில் எழுத வேண்டியது, முன்பு எப்போதாவது மனச்சோர்வோ கடும் பதற்றமோ இருந்ததா என்பது. இருப்பதிலேயே பெரிய காரணி இதுதான், பத்து வருடத்துக்கு முந்தைய கதை என்றாலும் எழுதுங்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்திருந்தால் அதையும். அதற்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கர்ப்பம் உறுதியானதும் பயந்துபோய் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள், அது தவறு, பழைய மனச்சோர்வு திரும்பிவரலாம்; தொடரலாமா, மாற்றலாமா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் வீட்டு நிலவரம். கணவர் அடிப்பது, மிரட்டுவது, மட்டம் தட்டுவது, மனம்விட்டுப் பேச ஆள் இல்லாதது, கடன், திட்டமிடாமல் வந்த கர்ப்பம். அடி உதையைத் தாளில் எழுதப் பயமாக இருந்தால் எழுத வேண்டாம், பரிசோதனையின்போது தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

முன்பு கரு கலைந்திருந்தாலோ குழந்தை இறந்து பிறந்திருந்தாலோ அடுத்த கர்ப்பத்தில் சந்தோஷப்படவே பயமாக இருக்கும். ஸ்கேன் நாள் நெருங்க நெருங்கக் கை நடுங்கும். இதையும் சேருங்கள். தைராய்டு, ரத்தசோகை இரண்டும் மனச்சோர்வு போலவே காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனையில் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, இதில் இரண்டு மூன்று பொருந்துகிறது என்றால்? வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. ஒன்றுமே பொருந்தாதவருக்கும் வரலாம். தாளை அடுத்த பரிசோதனைக்கு எடுத்துப்போய், மனச்சோர்வு இருக்கலாமா என்று பார்க்க உதவும் எடின்பரோ கேள்விப் பட்டியல் தரச் சொல்லிக் கேளுங்கள்; 1987-இல் வந்தது, கடந்த 7 நாள் மனநிலை பற்றி 10 கேள்விகள், ஐந்து நிமிட வேலை. இதற்கிடையில் இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அடுத்த பரிசோதனை வரை தள்ளிப்போடாதீர்கள். என்னைக் கேட்டால் அந்தப் பட்டியலில் பத்தாவது கேள்விதான் முக்கியம், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு "எப்போதாவது" என்று பதில் சொல்ல நேர்ந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், தனியாக இருக்கக் கூடாது.