அர்ன்ஹெம் லேண்ட் பள்ளிகளுக்குப் பயிற்சிக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த வறண்ட பருவத்திலும் இரண்டு பயிற்சி ஆசிரியர்கள் வந்து இறங்கினார்கள். செம்மண் ஓடுபாதையில் சின்ன விமானம் நின்றதும் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெட்டிக்குள் லேமினேட் செய்த அட்டைகள். ஐந்து வாரப் பாடமும் டார்வினிலேயே தயாராகிவிட்டது. 2012-ல் நான் பயிற்சிக்கு வந்தபோது என்னிடமும் இதே மாதிரிப் பெட்டி இருந்தது. இவர்கள் எங்கே இடறுவார்கள் என்று அப்போதே மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். இரண்டாவது வாரமே அது நடந்தது.

ஆஸ்திரேலியாவின் வடக்கு முனையில், டார்வினுக்குக் கிழக்கே இருக்கிறது அர்ன்ஹெம் லேண்ட். சுமார் 97,000 சதுர கிலோமீட்டர். இலங்கையைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 1976-ல் வந்த நில உரிமைச் சட்டத்தின்படி இது பூர்வகுடி மக்களுக்குச் சொந்தமான நிலம். உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும், குழந்தைகளோடு வேலை செய்ய ஓக்கர் அட்டை வேண்டும், மழைக்காலத்தில் சாலை துண்டிக்கப்படும். இதையெல்லாம் பல்கலைக்கழகத்திலேயே சொல்லிவிடுவார்கள். அங்கே யாரும் சொல்லாதவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

பக்கத்தில் நிற்கும் ஆசிரியரைப் பார்க்காமல் பாடம் தயாரிப்பது

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு இது ஒன்றுதான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

இங்குள்ள வகுப்பறைகள் பலவற்றில் ஊரைச் சேர்ந்த ஒரு பூர்வகுடி ஆசிரியரும் இருப்பார். சம்பளப் பட்டியலில் 'உதவி ஆசிரியர்' என்று இருக்கும். அந்தச் சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். பூர்வகுடி மக்களுக்கான பேட்ச்லர் கல்வி நிறுவனத்தில் படித்தவர்கள் இருக்கிறார்கள், முழு ஆசிரியர் தகுதி பெற்றவர்களும் இருக்கிறார்கள். வெளியூர் ஆசிரியர்கள் ஓரிரு வருடத்தில் கிளம்பிவிடுவார்கள். அவர் இருபது வருடமாக அதே வகுப்பில் நிற்பார். பயிற்சிக்கு வருபவர்கள் அவரிடம் தருகிற வேலை என்ன? பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது, பென்சில் சீவுவது.

நானும் அதைத்தான் செய்தேன். பதினொன்று முதல் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகள், அன்று பத்தொன்பது பேர். மீன்களை ஆறு, கடல், அலையாத்திக் காடு என்று வாழுமிடத்தை வைத்துப் பிரிக்கிற பாடம். இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து படங்களை வெட்டி, வருகைப் பதிவைப் பார்த்து ஐந்து குழுக்களாகப் பெயர்களை எழுதி வைத்தேன். காலையில் மூன்றாவது குழுவில் ஒரு பையன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். திரும்பி உட்காரச் சொன்னேன். எழுந்து பின்கதவு வழியாகப் போய்விட்டான். அவன் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டேன். அது போதாதென்று எதிரில் இருந்த பெண்ணிடம், "போய் அவனைக் கூட்டிட்டு வா" என்றேன். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். வகுப்பே அமைதியாகிவிட்டது. பின்னால் பென்சில் சீவிக்கொண்டிருந்த ஆசிரியை சீவுவதை நிறுத்தினார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்பிள்ளைகளை எழுப்பி வெளியே மாமரத்தடிக்குக் கூட்டிப்போய்விட்டார்.

மறுநாள் வந்தது ஆறு பேர். அந்த ஆசிரியை இரண்டு நாள் வரவில்லை.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். பாய் விரித்து உட்கார்ந்து, கூடை பின்னுவதற்காகத் தாழை இலையின் முள்ளை நகத்தால் கீறி நார் நாராக உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மணலில் விரலால் வட்டங்கள் போட்டு, யார் பிள்ளை யார் என்று காட்டத் தொடங்கினார். அந்தப் பையனின் அம்மாவும் அந்தப் பெண்ணின் அம்மாவும் அக்கா தங்கை. இங்குள்ள பூர்வகுடிகளான யோல்ஙு மக்களின் முறைப்படி இவர்கள் இருவரும் அண்ணன் தங்கை. அந்த வயது வந்துவிட்டால் அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் உட்கார மாட்டார்கள், பேச மாட்டார்கள், ஒருவர் பெயரை மற்றவர் சொல்ல மாட்டார். தங்கையின் பெயர் அண்ணன் காதில் விழுவதுகூடக் கூடாது. நான் அவர்களை ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார வைத்து, அவனைக் கூட்டி வரும்படி அவளை எல்லார் முன்னாலும் ஏவியிருக்கிறேன்.

பதிவேட்டில் இருவரின் குடும்பப் பெயரும் வேறு வேறு. ஆங்கிலத்தில் 'கசின்' என்று போய்விடும். ஆனால் பெரியம்மா மகனை அண்ணன் என்று கூப்பிட்டு வளர்ந்தவள் நான். யோல்ஙு மொழியில் அப்பா பாபா, அப்பாவின் அண்ணன் தம்பியும் பாபா. அம்மாவின் சகோதரனுக்குத் தனிச்சொல்: ஙபிபி. அத்தைக்கு முகுல் பாபா. நம் மாமன் அத்தை முறை போலவேதான். ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் எனக்குப் புரிந்திருக்கும்.

"யபா, நீ என்கிட்ட காட்டவே இல்லையே" என்றார். யபா என்றால் சகோதரி. அவ்வளவுதான் சொன்னார்.

இன்னொன்றையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்த மீன்களை அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே வேறு விதமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். யோல்ஙு உலகத்தில் மனிதர்கள், நிலம், காற்று, மீன், மரம் எல்லாமே துவா அல்லது யிரிட்ஜா என்ற இரண்டு பாதிகளில் ஒன்றைச் சேர்ந்தவை. பிள்ளை அப்பாவின் பாதி, அம்மா எப்போதும் மறு பாதி. என் வெட்டுப் படங்களை முந்தின நாள் அவரிடம் காட்டியிருந்தால், ஒரே மீனை இரண்டு முறையில் பிரிக்கும் பாடமாக அதை நடத்தியிருப்போம். பாடத்தின் முதல் பாதியை அவரே அவர் மொழியில் நடத்தியிருப்பார்.

இப்போது என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களுக்கு ஒரு கட்டாயம் வைத்திருக்கிறேன். அடுத்த நாள் பாடத்தை மாலையில் ஊர் ஆசிரியர் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் இருபது நிமிடம் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். காலை மணி அடிக்கிற நேரத்தில் தாளை நீட்டுவது காட்டியதாகாது. யாரை யாரோடு உட்கார வைக்கலாம், எந்த வீட்டில் துக்கம், பாடத்தின் முக்கியமான சொல்லுக்கு அவர்கள் மொழியில் என்ன சொல் என்ற மூன்றையும் கேட்டே ஆக வேண்டும். அவர் "இருக்கலாம்" என்று இழுத்தாலோ, பேசாமல் ஜன்னலைப் பார்த்தாலோ, அந்தப் பாடத்தை மாற்றுங்கள். "சரியா?" என்று நாம் கேட்டால் மரியாதைக்காக "ஆமாம்" வரும். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வருடம் வந்த இருவரில் ஒருவர், இத்தனையும் சொன்ன பிறகு, பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் அந்த ஆசிரியையை "என் உதவியாளர்" என்று எழுதியிருந்தார். திருத்த வைத்தேன்.

பதில் சொல்லாத பிள்ளைக்குத் தெரியாது என்று முடிவு கட்டுவது

இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று காது. நடுக்காதில் சீழ் வைக்கும் நோய் தொலைதூர ஊர்களில் பிள்ளைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. செவிப்பறை ஓட்டையாகும், கேட்கும் திறன் ஏறி இறங்கும். நாள்பட்ட இந்த நோய் 4 சதவீதத்தைத் தாண்டினாலே பெரிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த ஊர்கள் பலவற்றில் அது அந்த அளவைத் தாண்டியே இருக்கிறது. அப்படியிருக்க, ஏசி இரைச்சலுக்கு நடுவே கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசினால் கடைசி வரிசைக்கு என்ன கேட்கும்? வகுப்பில் ஒலிபெருக்கி இருந்தால் மைக்கை ஆணியிலேயே தொங்கவிடாமல் கழுத்தில் மாட்டுங்கள். முகத்தைப் பிள்ளைகள் பக்கம் வையுங்கள். கதை சொல்லும் பத்து நிமிடம் ஏசியை நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று, இங்கே 'ஷேம்' என்று சொல்வது. நம் கூச்சத்தைவிடக் கனமானது. ஒரு பிள்ளையைத் தனியாக எழுப்பிக் கேள்வி கேட்டால், தெரிந்தாலும் வாய் திறக்காது. மூன்று பேராகப் பேசிச் சொல்லட்டும் என்று விடுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

அவர்கள் மொழியைத் தடையாக நினைப்பது

பிள்ளைகள் தங்களுக்குள் யோல்ஙு மாத்தாவில் பேசினால் "ஆங்கிலத்தில் பேசு" என்று அதட்டாதீர்கள். கணக்கு புரியாத பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளை புரியவைத்துக்கொண்டிருக்கும். அர்ன்ஹெம் லேண்ட் அடங்கிய வடக்குப் பிரதேசத்தில் இருமொழிக் கல்வி 1973-ல் தொடங்கியது. 2008-ல், தினமும் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலத்தில்தான் பாடம் என்று அப்போதைய பிரதேச அரசு அறிவித்தது. தாய்மொழியில் பாடப்புத்தகம் எழுதிப் படம் வரைந்து அச்சிட்ட ஆசிரியர்கள் இன்னும் பள்ளிகளில் இருக்கிறார்கள். அவர்கள் எதிரில் 'ஆங்கிலம்தான் முன்னேற்றம்' என்று பேசுவதற்கு முன் அவர்கள் செய்த புத்தகங்களை நூலக அலமாரியிலிருந்து எடுத்துப் பாருங்கள்.

தமிழ் பேசுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நாக்கை மடித்துச் சொல்லும் ண, ள மாதிரியான ஒலிகள் அவர்கள் மொழியிலும் இருக்கின்றன. ங-வில் தொடங்கும் சொற்களும் ஏராளம். பணத்துக்கு அங்கே ருபியா என்று பெயர். கடல் அட்டை எடுக்க வந்த இந்தோனேசியாவின் மக்காசர் மாலுமிகள் விட்டுப்போன சொல். நம் ரூபாயின் உறவுதான். வெளியாளைக் குறிக்கும் பலண்டாவும் அவர்கள் வழியாக வந்ததே. தினம் ஐந்து சொல் கற்றுக்கொண்டு பிள்ளைகளிடம் சொல்லிக் காட்டுங்கள். திருத்துவதற்கு ஓடி வருவார்கள்.

பெயர்

இறந்தவர் பெயரைச் சொல்லக் கூடாது. அதே பெயர் உள்ள பிள்ளைக்கும் அப்போது வேறு பெயர் வந்துவிடும். வருகைப் பதிவு எடுக்கும் முன் தினமும் கேளுங்கள்.

புகைப்படம்

எடுக்காதீர்கள்.

துக்கக் காலத்தில் வருகையைப் பற்றிப் புலம்புவது

ஈமச் சடங்கு நாட்கணக்கில் நடக்கும், வாரக்கணக்கிலும் போகும். வகுப்பில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேருக்குப் பாடம் நடத்துங்கள்.

"திரும்பி வருவேன்" என்று சொல்வது

கையில் வேலை உத்தரவு இல்லாமல் சொல்லாதீர்கள். என் பயிற்சி முடிந்து கிளம்பிய அன்று ஓடுபாதைக் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு சின்னப் பெண்ணிடம் நான் சொன்னேன். வந்து சேர மூன்று வருடம் ஆனது. அவள் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

கடைசி வெள்ளிக்கிழமை செய்ய வேண்டியது வேறு. நீங்களும் ஊர் ஆசிரியையும் சேர்ந்து செய்த அட்டைகள், எழுதிய கதைகள், பதிவுகள் எதையும் பெட்டியில் கட்டி எடுத்துப் போகாதீர்கள். ஒவ்வொன்றிலும் அந்த ஆசிரியையின் பெயரையும் எழுதி, எது எந்தத் தட்டில் இருக்கிறது என்று அவருக்குக் காட்டிவிட்டு விமானம் ஏறுங்கள். திங்கட்கிழமை காலை வகுப்பு எடுக்கப் போவது அவர்தான்.