மர்ம நாடகத்தை மாணவர்களோடு வாசிப்பது எப்படி?

முதல் முறை நான் நடத்தியபோது ஒரே வகுப்பு வேளையில் நாடகம் முடிந்துவிட்டது. கடைசி வசனத்தை வாசித்த மாணவி தாளை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "அந்தப் பெட்டி கடைசியில் என்ன ஆனது?" என்று கேட்டாள். அவள் கையிலிருந்த தாளிலேயே அதற்கு விடை அச்சாகியிருந்தது. அடைப்புக்குறிக்குள் இருந்ததால் யாரும் அதை வாசிக்கவில்லை.

நாடகம், சூசன் கிளாஸ்பெல்லின் 'ட்ரைஃபிள்ஸ்'. 1916இல் மேடையேறியது, ஓரங்கம், ஒரே சமையலறை, ஐந்தே பாத்திரங்கள். ஒரு விவசாயி தூக்கத்தில் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்திருக்கிறார். சந்தேகத்தின் பேரில் மனைவி சிறையில் இருக்கிறாள். அவள் மேடைக்கு வருவதே இல்லை. ஷெரிஃபும் (வட்டாரக் காவல் அதிகாரி) அரசு வழக்கறிஞரும் வீடெல்லாம் தடயம் தேடுகிறார்கள். அது சமையலறையில் காத்திருக்கும் இரண்டு பெண்களின் கையில் அகப்படுகிறது: ஷெரிஃபின் மனைவி திருமதி பீட்டர்ஸ், பக்கத்துப் பண்ணைக்காரரின் மனைவி திருமதி ஹேல். தொடக்க நிலை மாணவர்களுக்கு மூன்றங்க நாடகம் வேண்டாம். அடுத்த வகுப்புக்குள் பாதி மறந்துபோகும்.

1. தாளைப் பாதியில் நிறுத்துங்கள்

அச்சிட்ட தாள்தான் கொடுக்க வேண்டும். கைபேசியில் வாசித்தால் விரல் தானாகவே கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும். வலப்பக்கம் மூன்று விரல் அகலத்துக்கு இடம் விடுங்கள். குறிப்பெழுத பென்சில் போதும். தையல் கூடையிலிருந்த பெட்டியில், பட்டுத்துணியில் சுற்றிய செத்த பறவை கிடைக்கும் இடத்தோடு முதல் நாள் தாள் முடியட்டும். மீதி உங்கள் கையில் இருக்கட்டும்.

2. ஆறாவது வாசகரை நியமியுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். ஐந்து பாத்திரங்களுக்கு ஐந்து பேரைப் பிரித்துக் கொடுத்தேன். அடைப்புக்குறிக்குள் வரும் மேடைக் குறிப்புக்கு ஆள் இல்லை. இந்த நாடகத்தின் உச்சக்கட்டத்தில் வசனமே கிடையாது. திருமதி பீட்டர்ஸ் பெட்டியைத் தன் பைக்குள் திணிக்கப் பார்க்கிறாள், கொள்ளவில்லை. பக்கத்து அறையில் கதவுக் குமிழ் திரும்பும் சத்தம் கேட்கிறது. திருமதி ஹேல் அதைப் பிடுங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொள்கிறாள். ஆண்கள் உள்ளே வருகிறார்கள். அவ்வளவும் மேடைக் குறிப்பு.

அதனால் இப்போது வகுப்பிலேயே நன்றாக வாசிப்பவருக்கு மேடைக் குறிப்பைத்தான் கொடுக்கிறேன். குறிப்பை வாசித்து முடித்ததும் எல்லாரும் மூன்று எண்ணும் வரை பேசாமல் இருக்க வேண்டும். முதலில் சிரிப்பார்கள், பிறகு அடங்கிவிடுவார்கள். அந்த மௌனத்தில்தான் பதற்றம் ஏறுகிறது.

3. யாருக்கு என்ன தெரியும்?

கரும்பலகையில் மூன்று பத்திகள் வரையுங்கள்: பெண்கள், ஆண்கள், பார்வையாளர்கள். ஒவ்வொரு தடயமும் வரும்போது, அதை அறிந்தவர்களின் பத்தியில் மட்டும் குறியிட வேண்டும். சீராக ஓடிவந்த தையல் ஓரிடத்தில் மட்டும் தாறுமாறாக இருப்பது, பறவைக் கூண்டின் உடைந்த கதவு, கழுத்து திருகப்பட்ட பறவை. ஆண்களின் பத்தி ஏறக்குறைய காலியாகவே கிடக்கும்.

இனி, வழக்கறிஞர் உள்ளே வந்து கூண்டைப் பார்த்து, பறவை பறந்துவிட்டதா என்று கேட்கும் இடத்துக்கு வாருங்கள். பெட்டி அதே அறையில், துணித்துண்டுகளுக்கு அடியில் இருக்கிறது. திருமதி ஹேல் இன்னும் சில துண்டுகளை அதன்மேல் போட்டுக்கொண்டே, பூனை கொண்டுபோயிருக்கும் என்கிறாள். "இந்த இடத்தில் உங்களுக்கு ஏன் பதறுகிறது?" என்று கேளுங்கள். பதில் பலகையிலேயே இருக்கிறது: நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இதைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு எந்த மர்ம நாடகமும் பிடிபடும். அச்சடித்து விற்கும் கேள்வித்தாள்களில் இந்தக் கேள்வியை நான் பார்த்ததில்லை, 'மையக்கருத்து யாது?' என்று தொடங்குபவையே அதிகம்.

4. எழுதச் சொல்லுங்கள்

கதைச் சுருக்கம் வேண்டாம். ஒரு பத்தி போதும்: ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது முதலில் எப்படித் தெரிந்தது, பின்னால் எப்படி மாறியது என்று எழுதட்டும். தாறுமாறான தையலைத் திருமதி ஹேல் ஏன் பிரித்துத் திரும்பத் தைக்கிறாள் என்பதைத்தான் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பார்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஆசிரியர் ஒருவர், சில மாணவர்கள் முடிவை இணையத்தில் படித்துவிட்டு வருகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தார். எனக்கும் நேர்ந்தது. அவர்களைத் திட்டாமல், முடிவை வெளியே சொல்லாமல், முதல் பக்கத்திலேயே அதற்கான அடையாளத்தைத் தேடிப் பிடிக்கச் சொன்னேன். ஆண்கள் நேரே அடுப்பருகே போக, பெண்கள் இருவரும் மெதுவாக வந்து கதவருகே ஒட்டி நிற்கும் மேடைக் குறிப்பைக் கோடிட்டுக்கொண்டு வந்தவன், முடிவை முன்பே படித்திருந்த பையன்தான்.