அரிக்கும் காதுக்கு எழுதக் கூடாத சொட்டு மருந்து

எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இந்த மழைக்காலத்திலும், பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய அதே தவறான மருந்துச் சீட்டைப் பயிற்சி மருத்துவர்கள் எழுதுவதைப் பார்க்கிறேன். பாடப்புத்தகம் படித்த எவரும் தாமாகத் திருத்திக்கொள்ளும் சிறு பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

பூஞ்சைக்கு ஆன்டிபயாட்டிக்

காது அடைப்பு, நீர்வடிதல் என்று ஒருவர் சொன்னவுடன், உள்ளே சரியாகப் பார்க்காமல், ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு மருந்தை எழுதிக் கொடுப்பதுதான் இன்றும் என்னைக் கோபப்படுத்துகிறது. வெளிக்காதில் பாக்டீரியாத் தொற்று என்றால் பெரும்பாலும் வலி முந்திக்கொள்ளும். பூஞ்சை என்றால் அரிப்பு முந்தும். ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சை வளர்ந்த காதில், நனைந்த செய்தித்தாளைத் திணித்து வைத்ததுபோன்ற சாம்பல் நிறப் படலமும் அதன்மேல் கரும்புள்ளிகளும் தெரியும். கேண்டிடா என்ற பூஞ்சையானால் திரிந்த பால்போல வெள்ளையாக இருக்கும். ஆன்டிபயாட்டிக் பூஞ்சையைக் கொல்லாது. அதற்குப் போட்டியாக இருக்கும் பாக்டீரியாக்களை அழித்து அது பரவ வழிவிடும். ஸ்டீராய்டோ அரிப்பைச் சில நாட்கள் அடக்கி, நோய் குணமாகிறது என்று நோயாளியையும் மருத்துவரையும் நம்பவைத்துவிடும்.

நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், நடவு வேலைக்குப் போகும் ஓர் அம்மா இரண்டாம் முறையாக வந்து, "மருந்து விட்டா நாலு நாள் நல்லாருக்குங்க டாக்டர், நிறுத்துனா மறுபடி நமநமன்னு அரிக்குது" என்றார். அதை மருந்து வேலை செய்வதற்கான சான்றாக எடுத்துக்கொண்டு, அதையே இன்னும் பத்து நாட்களுக்கு எழுதினேன். மூன்றாம் முறை அவர் வந்தபோது, மூத்த மருத்துவர் ஒருவர் நுண்ணோக்கி வழியே பார்த்தபடி அந்தப் படலத்தை உறிஞ்சி எடுத்தார். அடியில் செவிப்பறையில் துளை விழுந்திருந்தது. பிறகு அது தானாக மூடிக்கொண்டது என்றாலும், அதுவரை காதில் நீர் படக் கூடாது என்பதால் அந்தப் பருவத்து நடவுக் கூலி முழுவதையும் அவர் இழந்தார். முதல் நாளே காதைச் சுத்தம் செய்து பூஞ்சையைக் கொல்லும் க்ளோட்ரிமசோல் 1% சொட்டு மருந்தைத் தொடங்கியிருந்தால் இது பெரும்பாலும் நேர்ந்திருக்காது.

சுத்தம் செய்யாமல் மருந்து விடுதல்

படலத்தின்மேல் விழும் சொட்டு தோலைச் சேராது.

துளை உள்ள காதில் ஸ்பிரிட் கலந்த மருந்து

விடக் கூடாது.

சர்க்கரை நோயைக் கேட்க மறத்தல்

சர்க்கரை உள்ளவருக்கு இரவில் தூங்கவிடாத காதுவலி இருந்தால், தொற்று மண்டையோட்டின் அடி எலும்புவரை போயிருக்கலாம். அவருக்கே முகவீக்கம், கன்னத்தில் மரத்துப்போதல், அண்ணத்தில் கருமை ஆகியவை இருந்தால் அன்றே அனுமதியுங்கள்; 2021 மே மாதம் தமிழக அரசு அறிவிக்கை செய்யப்பட்ட நோயாக (கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக) அறிவித்த கருப்புப் பூஞ்சை இப்படித்தான் மூக்கிலிருந்து கண்ணுக்கும் மூளைக்கும் ஏறுகிறது.

எண்ணெயையும் கோழியிறகையும் விசாரிக்காமல் விடுதல்

காய்ச்சிய எண்ணெய் விடுவதையும், ஹேர்பின்னாலும் இறகாலும் குடைவதையும் நாம் கேட்காதவரை யாரும் சொல்வதில்லை. குறும்பியின் அமிலத்தன்மை பூஞ்சையைத் தடுக்கிறது. குடைபவர் அந்தக் காப்பைச் சுரண்டி எடுப்பதோடு தோலிலும் கீறல் போடுகிறார். அரிப்பு நின்ற பிறகும் ஒன்றிரண்டு வாரங்கள் மருந்தைத் தொடர வேண்டும் என்பதைச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுங்கள். மறுவாரம் வரச்சொல்லிக் காதை மீண்டும் பாருங்கள்.