"ஸ்கேன் சுத்தம்" என்று சொன்னார் மாமா. எந்த ஸ்கேன்?

பட்டர்வொர்த்திலிருந்து மாமா வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் முழு உடல் பரிசோதனை அறிக்கை. "வயித்துல ஸ்கேன் எடுத்தாச்சும்மா, எல்லாம் சுத்தம்னு போட்டிருக்கு. மலத்துல ரத்தம் வர்றது மூலமாத்தான் இருக்கும்" என்றார். புரட்டிப் பார்த்தேன். கல்லீரல், பித்தப்பை, கணையம், சிறுநீரகம், புராஸ்டேட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருந்தது. பெருங்குடலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவர் எடுத்தது அல்ட்ராசவுண்ட்.

பினாங்கில் எக்ஸ்ரே, சிடி எடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவள் நான். நம் ஆட்களிடம் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான்: வயிற்றை ஸ்கேன் செய்தால் குடலையும் பார்த்துவிட்டதாக நினைப்பது. அல்ட்ராசவுண்ட் ஒலி காற்றைத் தாண்டிப் போகாது. குடலிலோ காற்றுதான் நிறைய. சாதாரண வயிற்று சிடியிலும் பெருங்குடல் சுருங்கி மடிந்து, உள்ளே மலத்தோடு கிடக்கும். பெரிய கட்டி என்றால் கண்ணில் படலாம். கொண்டைக்கடலை அளவு பாலிப், அதாவது குடல் சுவரில் வளரும் சின்னச் சதைக்கட்டி, மலத்துக்குள் மறைந்துவிடும். சிஇஏ என்ற ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். புற்றுநோய் வந்தவர்களின் சிகிச்சையைக் கண்காணிக்க அது உதவும். பாலிப்பைத் தேட உதவாது. பாலிப்பைத் தேடுவதற்குக் காரணமே அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடம்போல எடுக்கும் என்பதுதான். அந்தப் பத்து வருடம் நமக்குக் கிடைக்கும் அவகாசம். தப்பான ஸ்கேனை நம்பி அதை வீணாக்கக் கூடாது.

ரத்தத்தை மூலத்தின் தலையில் கட்டுவது இதே தவறின் இன்னொரு முகம். மூலம் இருக்கிறவருக்கும் பாலிப் இருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் மலத்தில் ரத்தம், காரணம் தெரியாத ரத்தச்சோகை, மலம் கழிக்கும் வழக்கத்தில் மாற்றம் என்று எது வந்தாலும் குடலைப் பார்த்தே ஆக வேண்டும். இளையவர்களும் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்து, சிடி கொலோனோகிராபி, அதாவது பெருங்குடலை விரித்து வைத்துச் சிடியில் பார்ப்பது. "குழாய் விடமாட்டாங்க, பேதி மருந்தும் வேண்டாம்" என்று நம்பிப் பலர் இதைக் கேட்டு வருவார்கள். இரண்டுமே உண்மையில்லை. பேதி மருந்து உண்டு. ஆசனவாய் வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செருகி, கரியமில வாயுவால் குடலை விரிப்போம். மல்லாந்து படுக்க வைத்து ஒரு தடவை, குப்புறப் படுக்க வைத்து இன்னொரு தடவை படம் எடுப்போம். ஏன் இரண்டு தடவை? திரையில் ஒரு சின்ன உருண்டை தெரிகிறது என்று வையுங்கள். ஆளைத் திருப்பிப் போட்டதும் அது இடம் மாறினால் பெரும்பாலும் மலத்துணுக்கு. சுவரோடு ஒட்டியே இருந்தால் பாலிப்பாக இருக்கலாம். முன்கூட்டியே குடிக்கக் கொடுக்கும் மருந்து மிச்ச மலத்தை வெள்ளையாகக் காட்டுவதும் இதற்காகத்தான். மயக்க மருந்து தேவைப்படாததால் முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போகலாம். அது பெரிய வசதிதான், மறுக்கவில்லை.

எது எவ்வளவு கண்டுபிடிக்கும்? 2005-இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வில் பேரியம் எனிமா (பேரியம் திரவத்தை ஆசனவாய் வழியாக ஏற்றி எக்ஸ்ரே எடுப்பது), சிடி கொலோனோகிராபி, கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுக் குடலைப் பார்ப்பது) என்ற மூன்று பரிசோதனைகளையும் ஒரே நோயாளிகளிடம் செய்து பார்த்தார்கள். ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டிகள் இருந்தவர்களில் பேரியம் எனிமா 48 விழுக்காட்டினரையும், சிடி கொலோனோகிராபி 59 விழுக்காட்டினரையும், கொலோனோஸ்கோப்பி 98 விழுக்காட்டினரையும் கண்டுபிடித்தது. மூன்றே வருடம் கழித்து, 2008-இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் சிடி கொலோனோகிராபி அதே அளவுக் கட்டிகள் இருந்தவர்களில் 90 விழுக்காட்டினரைக் கண்டுபிடித்தது. பின்னதில் மலத்தை வெள்ளையாகக் காட்டும் மருந்து கொடுத்தார்கள். படம் படித்தவர்களும் இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள். அதனால் விலையை மட்டும் விசாரித்துவிட்டு வராதீர்கள். கொலோனோகிராபியை அடிக்கடி படிக்கிற மருத்துவர் அங்கே இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இன்னொன்றும் உண்டு: ஆறு மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளதை இந்த அறிக்கையில் பொதுவாக எழுதமாட்டார்கள். "பாலிப் இல்லை" என்றால் கவலைப்படும் அளவில் இல்லை என்றே பொருள்.

பேரியம் எனிமா பழைய காலத்து முறை. பாலிப் தேட இன்று அதைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை. கேமரா மாத்திரை விழுங்குவது கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அதற்குப் பேதி மருந்து இன்னும் அதிகம், ஏதாவது தெரிந்தால் எடுக்கவும் முடியாது.

எடுக்க முடியாது என்பதுதான் எல்லாப் படங்களுக்கும் உள்ள குறை. எதில் பாலிப் தெரிந்தாலும் கடைசியில் கொலோனோஸ்கோப்பிக்குத்தான் போக வேண்டும். அதில் பார்த்த கையோடு பாலிப்பை வெட்டி எடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே ரத்தம் போகிறவர், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ பெருங்குடல் புற்று இருந்தவர், குடல் அழற்சி நோய் உள்ளவர் எல்லாம் நேரே கொலோனோஸ்கோப்பி பற்றிக் கேட்பதே நல்லது. உடம்பு தாங்காதவருக்கும், கொலோனோஸ்கோப் கடைசி வரை போக முடியாமல் நின்றுபோனவருக்கும் சிடி கொலோனோகிராபி அருமையான மாற்று.

அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் 50 முதல் 75 வயது வரை உள்ளவர்களுக்கு ஐஎஃப்ஓபிடி என்ற மலப் பரிசோதனை உண்டு. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் காட்டும். பாசிட்டிவ் வந்தால் பலர் செய்வது என்ன? "இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம்." இரண்டாவது நெகட்டிவ் வந்ததும் நிம்மதியாக விட்டுவிடுகிறார்கள். பாலிப் எல்லா நாளும் ரத்தம் கசியாது. ஒரு தடவை பாசிட்டிவ் வந்தாலே கொலோனோஸ்கோப்பிக்குப் பெயர் கொடுத்துவிட வேண்டும்.

இப்போது பேதி மருந்து. இங்கேதான் மனம் பதறுகிறது, ஏனென்றால் நல்ல மருத்துவரும் நல்ல கருவியும் இருந்தும் இதில் கோட்டை விடுகிறோம். மாமாவுக்குக் கொலோனோஸ்கோப்பிக்கு நாள் குறித்திருந்தோம். அதற்கு முதல் நாள் மதியம் பருப்புக் குழம்பும் கீரையும் சாப்பிட்டுவிட்டார், "கீரை உடம்புக்கு நல்லதுதானே?" என்றார். கீரை, பருப்பு, கொய்யா, டிராகன் பழம், விதையுள்ள எதுவும் பரிசோதனைக்கு முந்தைய இரண்டு மூன்று நாளைக்கு வேண்டாம். வெள்ளைச் சோறு, வெள்ளை ரொட்டி, மீன், முட்டை போதும். பிறகு தெளிந்த நீர் மட்டும் என்று சொல்லும் நேரத்தில் சிவப்புச் சிராப் குடிக்காதீர்கள். குடலுக்குள் அது ரத்தம் மாதிரியே தெரியும். பேதி மருந்தை முழுக்க முதல் நாள் இரவே குடித்து முடிக்காமல், மருத்துவமனை சொன்னால் பாதியைக் காலையில் எழுந்து குடியுங்கள். அப்படிக் குடித்தவர்களுக்குக் குடல் நன்றாகச் சுத்தமாகிறது. இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நம் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீடு குறைவு. இன்சுலின், சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எதையும் சொந்தமாக நிறுத்தாமல், மருந்துப் பட்டியலோடு முன்கூட்டியே போய்க் கேளுங்கள். குடல் சுத்தமாகாததால் மாமாவுக்கு அன்று பரிசோதனை செய்ய முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பேதி மருந்து குடித்தார், இந்தத் தடவை அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

கொலோனோஸ்கோப்பி செய்தபின் அறிக்கையில் இரண்டு இடத்தைத் தேடுங்கள். பெருங்குடல் தொடங்கும் சீக்கம் வரை போனார்களா, குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பது. இவை சரியில்லை என்றால் "பாலிப் இல்லை" என்ற வரியை நம்பி இருக்க முடியாது.

மாமாவுக்கு இடப்பக்கக் குடலில் ஒன்றரை சென்டிமீட்டர் பாலிப் இருந்தது. அன்றே எடுத்துவிட்டார்கள். புற்றாகவில்லை. மூன்று வருடம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். அத்தை அந்தத் தேதியை வீட்டு நாட்காட்டியின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறார். மாமாவின் தம்பிகள் இருவருக்கும் நான்தான் போன் செய்தேன். உடன்பிறந்தவர்கள் என்பதால் அவர்களும் பார்க்க வேண்டும். பெரியவர் போய்ப் பெயர் கொடுத்துவிட்டார். சின்னவர், "வயித்துல ஸ்கேன் போன வருசம்தான் எடுத்தேன்" என்கிறார். இந்த ஞாயிறு அவர் வீட்டுக்குப் போகிறேன்.