சோளகக் காலத்தில் அடீனியம், யூபோபியா, கலஞ்சோ: வாளியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கையோடு சோளகம் என்கிற தென்மேல் காற்று தொடங்கிவிடும். அதற்குப் பிறகு புரட்டாசி வரை வன்னியில் மழை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. வெயில் 34, 35 பாகையில் நிற்கும், காற்று புழுதியையும் அள்ளிக்கொண்டு வந்து விறாந்தையில் இருக்கிற எல்லாவற்றையும் உலர்த்திவிட்டுப் போகும். இந்த நாளில் "தண்ணி சேமிக்கிற செடிதானே, அது பாட்டுக்கு நிற்கும்" என்று விட்டுவிடுகிறவர்களும் செடியைச் சாகடிக்கிறார்கள், "ஐயோ பாவம், வாடுது" என்று காலையும் மாலையும் வாளியோடு போகிறவர்களும் சாகடிக்கிறார்கள். இரண்டாவது கூட்டம்தான் பெரிது. நானும் அதில் இருந்த ஆள்தான்.

கிளிநொச்சியில் எங்கள் வீடு தகரக் கூரை. முதன்முதலில் வாங்கின அடீனியத்தை, பாலைவன ரோஜா என்கிறார்களே அதை, கறுப்புப் பிளாஸ்ரிக் சட்டியோடு அப்படியே வாசல் சீமெந்துப் படியில் வைத்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு இலை தொங்கியது, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். அடுத்த நாளும் தொங்கியது, அடுத்த நாளும் ஊற்றினேன். பத்து நாளில் அடித்தண்டை விரலால் அமத்தினால் கனிந்த வாழைப்பழம் மாதிரி உள்ளே போனது. பிடுங்கிக் கத்தியால் சீவினால் உள்ளுக்குள் மண்ணிறம், நாற்றம் வேறு. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்து மேலே மேலே வெட்டிக்கொண்டு போனேன், சதை சுத்த வெள்ளையாகத் தெரிகிற இடம் வரும் வரைக்கும். மிஞ்சினது ஒரு சாண் கிளை. அதை நிழலில் ஒரு கிழமை காயவிட்டுப் பிறகு மணலில் நட்டேன். அது பிழைத்தது, இன்றைக்கும் பூக்கிறது.

அன்றைக்கு எனக்கு விளங்காதது இதுதான். இந்தச் செடிகளின் இலையும் தண்டும் வெயிலைத் தாங்கும், வேர் அவ்வளவு தாங்காது. நிலத்தில் நின்றால் வேர் ஆழத்துக்குப் போய்த் தப்பிக்கொள்ளும். சட்டியில் எங்கே போவது? கறுப்புச் சட்டி வெயிலை உறிஞ்சும், சீமெந்துத் தரை பகல் குடித்த சூட்டை இரவில் கக்கும், அதற்குள் தண்ணீரையும் ஊற்றினால் வேர் அவிந்துதான் போகும். அதனால் செடியைப் பார்க்க முதல் சட்டியைப் பாருங்கள். மண்சட்டி என்றால் நல்லது, பக்கமெல்லாம் ஈரம் கசிந்து தானாகக் குளிரும். பிளாஸ்ரிக்தான் இருக்கிறதென்றால் அதைப் பெரிய மண்சட்டி ஒன்றுக்குள் இறக்கி இடைவெளியில் மணல் போடுங்கள், இல்லாவிட்டால் சணல் சாக்கால் சுற்றிவிடுங்கள். அடியில் இரண்டு செங்கல் துண்டு வைத்துத் தரையிலிருந்து தூக்கிவிடுவது எல்லாருக்கும் முடிந்த காரியம். தகரத்துக்கு நேர் கீழே தூக்கிக் கட்ட வேண்டாம், அங்கே மத்தியானம் நம்மாலேயே நிற்க முடியாது.

சரி, தண்ணீர். ஒரு ஈர்க்கை எடுத்துச் சட்டி மண்ணில் முக்கால்வாசி ஆழத்துக்குக் குத்தி, கொஞ்ச நேரம் விட்டு இழுத்துப் பாருங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்றைக்குத் தண்ணீர் இல்லை. காய்ந்து சுத்தமாக வந்தால் அடி ஓட்டையால் ஓடும் வரை ஊற்றுங்கள், தட்டில் தேங்கினதைக் கொட்டிவிடுங்கள். தினமும் அரைக் குவளை தெளிப்பது ஒன்றுக்கும் உதவாது, மேல்மண்தான் நனையும். மத்தியானம் இலை தொங்குவதை நம்பி ஓடவேண்டாம், பொழுதுபட்ட பிறகும் தொங்கினால்தான் யோசிக்க வேண்டும். ஊற்றுகிற நேரம் பொழுதுபட்ட பிறகு, அல்லது விடிய வெள்ளன. கலஞ்சோ மாதிரிச் செடிகள் இரவில்தான் இலைத்துளையைத் திறந்து மூச்சு விடும், பகலில் மூடிக்கொண்டு கிடக்கும். மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு மூன்று நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் ஒன்றும் ஆகாது, பயப்படாமல் போய் வாருங்கள்.

நம் பக்கக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்த உப்பைப் பார்த்தாலே தெரியும். அதே வெள்ளை சட்டி விளிம்பிலும் மண்ணிலும் படியும், இலை நுனி கருகும். மாதம் ஒருமுறை சட்டி கொள்கிற அளவைப்போல மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி ஓடவிட்டால் உப்பு கழுவிப் போகும். மாரியில் பிடித்த மழைத்தண்ணீர் மிச்சமிருந்தால் அதை இதற்கென்று வையுங்கள்.

மண்ணுக்கு நான் போடுவது பாதி பருமணல், மிச்சத்தில் உமிக்கரியும் நன்றாக மக்கின சாணியெருவும். உமி எந்த மில்லிலும் கிடைக்கும். வயல் மண் வேண்டாம், இறுகிப்போய் ஈரத்தை விடாது. முல்லைத்தீவுக்குப் போன இடத்தில் கடற்கரை மணலை அள்ளிவருகிறவர்களும் இருக்கிறார்கள், உப்பு மணல் அது, விடுங்கள். ஆனால் சட்டி மாற்றும் வேலையை இந்த வெயிலில் செய்யாதீர்கள்.

அடீனியத்துக்கும் முள் யூபோபியாவுக்கும் வெயில்தான் சாப்பாடு. முன்னது ஆபிரிக்கா, அரேபியாப் பக்கம், பின்னது மடகாஸ்கர். நிழலில் வைத்தால் நீண்டு மெலியும், பூ வராது. ஆனாலும் உள்ளே இருந்ததை ஒரே நாளில் முற்றத்தில் வைத்தால் இலை வெளிறிக் கருகும், ஒரு கிழமை காலை வெயிலில் பழக்குங்கள். அடீனியத்தின் அடி சுருங்கி, தொட்டால் கெட்டியாக இருந்தால் அது தாகம். நொளுநொளுவென்று அமுங்கினால் அழுகல், அதற்குத் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது. பத்துமணிப் பூவும் முழு வெயில்காரன்தான், மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடத் தண்ணீர் கேட்கும்.

கலஞ்சோ அப்படியில்லை. கிழக்குப் பக்க விறாந்தை, பத்து மணி வரை வெயில், அதற்குப் பிறகு கிடுகின் நிழலோ பச்சை வலையோ போதும். பூ முடிந்த காம்பைக் கிள்ளிவிட்டு, பசளை போடாமல், சும்மா விடுங்கள். கோடையில் பூக்கவில்லையே என்று அதை ஏசாதீர்கள், அது நீண்ட இரவைக் கண்டுதான் மொட்டு வைக்கும். நாளுக்கு 14 மணிநேர இருட்டு ஆறு கிழமை கிடைத்தால் நிச்சயம் வரும். விடிய விடிய எரிகிற விறாந்தை லைற்றுக்குக் கீழே வைத்திருந்தால் மார்கழி வந்தாலும் வெறும் இலைதான். மொட்டு வேண்டுமென்றால் மாலையில் கவிழ்க்க ஒரு பெட்டி போதும்.

கிறிஸ்மஸ் கள்ளி கேட்டு வாங்காதீர்கள் என்பது என் எண்ணம். அது பிரேசில் காட்டு மரத்தில் நிழலில் வளர்ந்த சாதி, இந்தப் புழுதிக் காற்றில் பாவம்.

எறும்பு வரிசை ஏறுகிறதென்றால் இலைக்கக்கத்தில் மாவு பூசினதுபோல வெள்ளைப் பூச்சி இருக்கும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். வேப்பெண்ணெய் அடிப்பதென்றால் வெயில் இறங்கின பிறகு, பகலில் அடித்தால் இலை வெந்துவிடும். யூபோபியாவின் பால் கண்ணில் பட்டால் பெரும் அவதி, அடீனியத்தின் பாலும் நஞ்சு, கலஞ்சோவை ஆடு தின்றால் ஆட்டுக்குக் கூடாது. படலையைச் சாத்தி வையுங்கள்.

ஐப்பசியில் முதல் இடி கேட்டதும் அடீனியத்தைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடுங்கள், சட்டித் தட்டுகளையும் எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். தேங்கின தண்ணீரில் நுளம்பு முட்டையிடும், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.