டிரிம் டேபைக் கடைசியில் தொடுங்கள்: வேக ஆர்.சி. (ரேடியோ கட்டுப்பாட்டு) மின்படகை நிலையாக ஓடவைக்கும் வரிசை

படகு தண்ணீரில் குதிக்கிறது, ஒரு பக்கம் சாய்கிறது, திருப்பத்தில் கவிழ்கிறது என்றால் பலரும் முதலில் டிரிம் டேபை வளைக்கத் தொடங்குகிறார்கள். இது தலைகீழான வரிசை. டேப் என்பது படகின் பின்முனையில் பொருத்திய, தண்ணீரில் இழுத்துக்கொண்டு போகும் தகடு. குறை எங்கோ இருக்க, அதை இழுவையால் மறைக்கும் வேலைதான் அது. வேகம் குறையும், மோட்டார் சூடாகும், பேட்டரி சீக்கிரம் தீரும். முதலில் பார்க்க வேண்டியது ஹல்லின், அதாவது படகின் உடலின், அடிப்பாகம். அடுத்து எடை, அதன்பின் ஸ்ட்ரட் (ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைத் தாங்கும் குழாய்), சுக்கான், ஃபின் (திருப்பத்தில் வழுக்காமல் பிடிக்கும் தகடு), ப்ரொப்பெல்லர். டேப் எல்லாவற்றுக்கும் பிறகு.

இங்கே சொல்லும் அளவுகள் சுமார் 700 மி.மீ. நீளமுள்ள ஒற்றை ப்ரொப்பெல்லர் டீப்-வி மோனோ (ஆழமான ‘வி’ வடிவ அடியுள்ள ஒற்றை ஹல்) படகுக்கானவை. 4எஸ் லைப்போ (நான்கு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி), 36 மி.மீ. பிரஷ்லெஸ் மோட்டார், ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் (வளையக்கூடிய முறுக்குக் கம்பி), பேட்டரியோடு சேர்த்து ஏறக்குறைய 2 கிலோ எடை. வேறு நீளம் என்றால் சதவீதங்களை அப்படியே வைத்துக்கொண்டு மி.மீ. கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அடிப்பாகமும் விளிம்புகளும்

முழு வேகத்தில் ஓடும் மோனோவில் தண்ணீரைத் தொடுவது பெரும்பாலும் பின்பகுதி மட்டுமே. ஆகவே பின்பலகையிலிருந்து முன்னோக்கி 200 முதல் 250 மி.மீ. வரையுள்ள அடிப்பரப்பு நேராக இருக்கவேண்டும். 300 மி.மீ. எஃகு ஸ்கேலை நீளவாக்கில் வைத்து, பின்னால் விளக்கு பிடித்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் பரப்பு உள்வாங்கியிருக்கிறது. அது பின்பக்கத்தைத் தூக்கி மூக்கை அழுத்தும். படகு கனமாக, ஒட்டிக்கொண்டு ஓடும். ஸ்கேல் நடுவில் தொட்டு இரு முனையிலும் ஆடினால் பரப்பு புடைத்திருக்கிறது. இது இன்னும் மோசம். புடைத்த பரப்பு பின்பக்கத்தைத் தண்ணீருக்குள் இழுக்கும், மூக்கு எழும்பி விழுந்துகொண்டே இருக்கும். இந்த ஹல்லில் பேட்டரியை எத்தனை முறை நகர்த்தினாலும் துள்ளல் முழுதாகப் போகாது.

ஃபைபர் ஹல் என்றால் அந்த இடத்தை 120 கிரிட் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எப்பாக்ஸியில் மைக்ரோ பலூன் என்ற நிரப்புத் தூளைக் கலந்து பூசி, தட்டையான மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேயுங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் புதுப் பள்ளம்தான் விழும். 320, 400, 600 என்று ஏறினால் போதும். அதற்குமேல் கண்ணாடிபோல் பளபளப்பாக்குவது பார்க்க அழகு, ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

விளிம்புகள்தான் நிறையப் பேர் கவனிக்காத இடம். அச்சிலிருந்து வரும் ஹல்லில் பின்பலகையின் கீழ் விளிம்பும் இருபக்கச் சைன்களும் (அடிப்பாகமும் பக்கச் சுவரும் சேரும் மூலைகள்) உருண்டையாக இருக்கும். உருண்ட விளிம்பைத் தண்ணீர் விட்டு விலகாது. வளைவோடு ஒட்டி மேலேறும், அந்த இடத்தில் ஹல்லைக் கீழே உறிஞ்சும். விளிம்பு கூர்மையாக இருந்தால்தான் தண்ணீர் அங்கேயே அறுந்து விழும். பின்பலகையில் ஒட்டுநாடா ஒட்டி ஒரு சிறு அணைபோல் கட்டி, எப்பாக்ஸி நிரப்பி, காய்ந்ததும் சதுர மூலையாகத் தேய்த்தெடுங்கள். ஓர் இரவு வேலை. இதற்குப் பிறகு அதே படகு சீக்கிரம் மேலெழுவது கண்ணுக்கே தெரியும்.

எடை

பேட்டரி உள்ளே, மூடி ஒட்டி, ஓடும் நிலையில் படகைத் தயாராக்குங்கள். இருபக்கச் சைன்களுக்கும் அடியில் ஒவ்வொரு விரல் கொடுத்துத் தூக்கி, சமமாக நிற்கும் புள்ளியைக் குறியுங்கள். பின்பலகையிலிருந்து ஹல் நீளத்தில் 28 முதல் 32 சதவீதத்துக்குள் அது விழவேண்டும். சுக்கான், ஸ்ட்ரட் நீட்டிக்கொண்டிருக்கும் அளவைச் சேர்க்கக் கூடாது. 700 மி.மீ. ஹல்லுக்கு 196 முதல் 224 மி.மீ. 30 சதவீதத்தில், அதாவது 210 மி.மீ.யில் தொடங்குங்கள்.

2 கிலோ படகில் 500 கிராம் பேட்டரியை 20 மி.மீ. முன்னால் தள்ளினால் சமநிலைப் புள்ளி நகர்வது 5 மி.மீ. மட்டுமே. அந்த 5 மி.மீ. ஓட்டத்தில் நன்றாகவே தெரியும். ஆகவே வெல்க்ரோ பட்டையை நீளமாக ஒட்டி, பக்கத்தில் 10 மி.மீ.க்கு ஒரு கோடு போட்டுவையுங்கள். பேட்டரி ஓட்டத்தின்போது நழுவினால் நீங்கள் செய்த அளவெல்லாம் வீண். வெல்க்ரோவோடு குறுக்கே ஒரு பட்டையும் கட்டாயம் வேண்டும்.

பக்கவாட்டுச் சமநிலையைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுப் பாருங்கள்: இரு பக்கச் சைனும் தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் இருக்கிறதா? இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. ஒற்றை ப்ரொப்பெல்லர் கிட்களில் பெரும்பாலானவற்றில் ப்ரொப்பெல்லர் பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிராகச் சுழலும். அதன் எதிர்விசை ஹல்லை வலப்பக்கமாக அழுத்தும். நின்ற நிலையில் கச்சிதமாகச் சமமாக இருக்கும் படகு வேகத்தில் வலப்பக்கம் சாய இதுதான் காரணம். பேட்டரியை 5 முதல் 10 மி.மீ. இடப்பக்கம் தள்ளுவது இதற்கு இழுவையே இல்லாத மருந்து. உங்கள் ப்ரொப்பெல்லர் எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு செய்யுங்கள். எதிர்ச்சுழற்சி என்றால் பக்கமும் மாறும்.

ஸ்ட்ரட்

ப்ரொப்பெல்லரையும் சுக்கானையும் கழற்றிவிட்டு, சமமான கண்ணாடி மேல் ஒரே கனமுள்ள இரண்டு 10 மி.மீ. பலகைகளை வைத்து, கீலின் (ஹல் அடியின் நடுக்கோட்டு விளிம்பு) பின்பகுதி அவற்றில் படியும்படி படகை நிறுத்துங்கள். பலகை எதற்கென்றால், ஸ்ட்ரட் கீலுக்குக் கீழே இறங்கியிருந்தாலும் அளக்கலாம். தொடக்கம்: ஸ்ட்ரட் குழாயின் அடி, கீலின் அடியோடு ஒரே மட்டம். கோணம் பூஜ்யம், அதாவது குழாயின் முன்முனையும் பின்முனையும் கண்ணாடியிலிருந்து ஒரே உயரம்.

இந்தப் படகுகளின் ப்ரொப்பெல்லர் பாதி தண்ணீரிலும் பாதி காற்றிலும் சுழல்வது. தள்ளுவதோடு பின்பக்கத்தைத் தூக்கவும் செய்யும். ஸ்ட்ரட்டை இறக்கினால் பின்பக்கம் எழும்பி மூக்கு இறங்கும். ஏற்றினால் மூக்கு லேசாகும், ஆனால் அளவு தாண்டினால் புறப்படும்போது ப்ரொப்பெல்லர் பிடிப்பில்லாமல் வெறுமனே சுழலும். கோணமும் இதே வேலையைச் செய்யும்: ப்ரொப்பெல்லர் முனையைக் கீழே சாய்த்தால் மூக்கு இறங்கும், மேலே சாய்த்தால் எழும்பும். உயரத்தை ஒரு தடவைக்கு 1 மி.மீ. மட்டும் மாற்றுங்கள். கோணம் அரை டிகிரிக்கு மேல் ஒரே தாவலில் வேண்டாம்.

ஸ்ட்ரட்டின் பின்முனைக்கும் ப்ரொப்பெல்லரைப் பிடித்துச் சுழற்றும் ட்ரைவ் டாக்குக்கும் நடுவே 4 முதல் 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். சுமை ஏறும்போது ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு நீளம் குறையும். இடைவெளி இல்லாவிட்டால் டாக் போய் ஸ்ட்ரட்டை உரசும், ஷாஃப்ட் வளைந்து அதிரும். அந்த அதிர்வையே பலர் ஹல்லின் ஆட்டம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

சுக்கானும் ஃபின்னும்

சுக்கான் தண்ணீருக்குச் செங்குத்தாக, முன்விளிம்பு கத்திபோல் இருக்கவேண்டும். அதைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஸெர்வோ அசையாமல் சுக்கான் மட்டும் அசைந்தால் அந்தத் தளர்ச்சியைத் தீர்க்காமல் தண்ணீரில் விடாதீர்கள். 2 மி.மீ. எஃகுக் கம்பி இணைப்பும், உலோகப் பல்சக்கரமுள்ள, 6 முதல் 10 கிலோ-செ.மீ. முறுக்குத் தரும் ஸெர்வோவும் இந்த அளவுப் படகுக்குச் சரி. ரிமோட்டில் சுக்கான் அசைவை 50–60 சதவீதமாகக் குறைத்து, எக்ஸ்போ (நடுவில் சுக்கான் அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 30 சதவீதம் வையுங்கள். அதிகம் திருப்பினால் சுக்கான் பிரேக்காகிவிடும், பின்பக்கம் தண்ணீரைவிட்டுத் தாவும்.

டர்ன் ஃபின் திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கிப் போகாமல் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் நம்பா, இம்ப்பா என்ற மாடல் படகுச் சங்கங்களின் போட்டிகளில் படகுகள் கடிகாரத் திசையில் சுற்றுவதால் வலப்பக்க ஃபின்தான் முக்கியம். நீங்களும் வலம் சுற்றியே பழகுங்கள். ஃபின் கீலுக்கு இம்மிகூடப் பிசகாமல் இணையாக இருக்கவேண்டும். 1 டிகிரி திரும்பியிருந்தாலும் நேர்க்கோட்டில் படகு ஒரு பக்கம் இழுக்கும், நீங்கள் அதைச் சுக்கான் டிரிம்மில் சரிசெய்வீர்கள், இரண்டு தகடுகளும் ஒன்றையொன்று எதிர்த்துத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டிருக்கும்.

ப்ரொப்பெல்லர்

ஆக்டூரா நிறுவனத்தின் எக்ஸ்440 ப்ரொப்பெல்லர் என்றால் விட்டம் 40 மி.மீ., பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) அதன் 1.4 மடங்கு, அதாவது 56 மி.மீ. 2000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2000 சுற்று) மோட்டாரும் 14.8 வோல்ட்டும் சேர்ந்தால் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 29,600 சுற்று. காகிதத்தில் மணிக்கு 99 கி.மீ. சுமை, வழுக்கல் எல்லாம் போக 70-ஐ ஒட்டி வந்தால் நல்ல அமைப்பு. ஒரே சுழற்சி வேகத்தில் முறுக்கு விட்டத்தின் ஐந்தாம் அடுக்கோடு ஏறும். ஆகவே அதே வடிவில் 38 மி.மீ.க்கு இறங்கினால் முறுக்கு ஏறக்குறைய கால்பங்கு குறையும். சாய்வும் ஆட்டமும் தீரவே இல்லையென்றால் இந்த 2 மி.மீ. செய்வதை எந்தத் தகடும் செய்யாது. வேகமும் நினைப்பதுபோல் அவ்வளவு போகாது. படகு நேராக ஓடுவதால் பாதி திரும்பி வந்துவிடும்.

உலோக ப்ரொப்பெல்லர்களில் பல, கூர்தீட்டாமல், சமன்செய்யாமல்தான் விற்கப்படுகின்றன. முன்விளிம்பைத் தீட்டி, காந்த பேலன்ஸரில் வைத்து, கனமான இதழின் பின்முகத்தைத் தேய்த்துச் சமன்செய்யுங்கள். பெரிலியம் காப்பர் என்றால் எச்சரிக்கை: அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. தண்ணீரில் நனைத்தே தேயுங்கள், முகமூடி போடுங்கள், டிரெமல் சுழல்கருவியை உலர்ந்த நிலையில் அதன்மேல் வைக்காதீர்கள்.

தண்ணீரில் விட்டபின்

முதலில் அரை த்ராட்டிலில் இரண்டு சுற்று, பிறகு முழு வேகம். யாராவது ஒருவர் செல்போனில் ஸ்லோமோஷனில், பக்கவாட்டிலிருந்து படம் பிடிக்கட்டும். தண்ணீர் ஹல்லை முதலில் தொடும் இடம் எது என்று பாருங்கள். பின் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் சரியான நிலை. ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது.

மூக்கு சீராக எழும்பி விழுந்தால்: பேட்டரி 10 மி.மீ. முன்னே. போகவில்லையென்றால் ஸ்ட்ரட் கோணம் மேல்நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் ஸ்கேலை மறுபடி எடுங்கள், அடி புடைத்திருக்கும்.

சைன் வாக் என்பது வேறு நோய். வேகம் ஏற ஏற ஹல் கீலின்மேல் மட்டும் நிற்கும். அந்தக் குறுகிய விளிம்பில் ஒரு பக்கம் சாய்ந்ததும் அந்தப் பக்கச் சைன் தண்ணீரில் பட்டுத் தூக்கும், படகு மறுபக்கம் விழும், அங்கிருந்தும் தூக்கப்படும். ஆட்டம் தானே வளர்ந்து கடைசியில் கவிழ்க்கும். இதை ஓட்டுபவர் சுக்கானால் சரிசெய்ய முனைந்தால் இன்னும் மோசமாகும். த்ராட்டிலை மெதுவாகக் குறைப்பதுதான் ஒரே வழி. கரைக்கு வந்ததும் இந்த வரிசையில் பாருங்கள்: சுக்கான், ஸ்ட்ரட் தளர்ச்சி, பேட்டரி தரையோடு ஒட்டித் தாழ்வாக இருக்கிறதா, சமநிலைப் புள்ளியை 5 மி.மீ. முன்னே, ஸ்ட்ரட் பூஜ்யக் கோணம், சிறிய ப்ரொப்பெல்லர். இத்தனைக்குப் பிறகும் மிச்சமிருந்தால் இப்போது டேப். பின்விளிம்பை இருபக்கமும் 0.5 மி.மீ. இறக்குங்கள். வலச் சாய்வு மட்டும் மிச்சமென்றால் வல டேபை மட்டும்.

மூக்கு மேலெழுந்து பின்னால் மல்லாந்தால் பெரும்பாலும் எதிர்காற்று. கேட்டமரான்கள் இதற்குக் கூடுதலாக ஆளாகும். இரு ஹல்களுக்கு நடுவே புகும் காற்றே அவற்றைத் தூக்குகிறது. காற்றடிக்கும் நாளில் பேட்டரியை 10 மி.மீ. முன்னே தள்ளி ஓட்டுங்கள், காற்றுக்கு எதிரான நேர்க்கோட்டில் முழு த்ராட்டில் வேண்டாம்.

திருப்பத்தில் கவிழ்வதில் பாதி, ஓட்டும் முறையால் வருவது. நுழையும் முன் த்ராட்டிலை 60–70 சதவீதத்துக்கு இறக்கி, திருப்பம் முழுதும் அதையே பிடித்துச் செல்லுங்கள். நடுவில் சட்டென்று விட்டால் ப்ரொப்பெல்லர் பின்பக்கத்தைத் தாங்குவது நின்று, மூக்கு தண்ணீரில் குத்தி, படகு தட்டாமாலை சுற்றும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மோட்டாரின் சூட்டை அளந்து பாருங்கள். 60 டிகிரிவரை கவலையில்லை, 70-ஐத் தாண்டினால் நிறுத்துங்கள். ஹல் எங்கோ ஒட்டி இழுக்கிறது, அல்லது ப்ரொப்பெல்லர் பெரிது, அல்லது மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயில் பாசி. எதிலாவது மோதிய படகை அளக்காமல் மறுபடி விடாதீர்கள். சுக்கான் தாங்கியில் நைலான் திருகு போட்டிருந்தால் மோதலில் அது உடைந்து மற்றதைக் காப்பாற்றும். அந்த இடத்தில் எஃகுத் திருகு போட்டால் உடைவது பின்பலகை. நைலான் திருகில் நாலைந்து கூடுதலாகப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.